ஆப்பிள் மாவாவது எங்கே?

மார்ச் மாதத்தில் வாங்கிய ஆப்பிளைக் கடித்தால் மாவாக இருக்கிறது. “கோல்ட் ஸ்டோரேஜ் பழம், அதான்” என்று சொல்லிவிடுகிறோம். சிம்லா பக்கம் சி.ஏ. கிடங்கில் (குளிரோடு உள்ளே இருக்கும் காற்றையும் கட்டுப்படுத்தும் கிடங்கு) வேலை பார்ப்பவன் என்பதால், ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தத் திட்டு எனக்குத்தான் விழும். பாதிதான் நியாயம்.

பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடுகிறது. எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தன்னைத் தானே பழுக்கவைத்துக்கொள்கிறது. கிடங்கில் அந்த மூச்சைத் தணிக்கிறோம், அவ்வளவுதான். குளிர் 0 முதல் 1 டிகிரி, ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம். காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜனை 2, 3 சதவீதத்துக்கு இறக்கிவிடுவோம். ஆள் உள்ளே போனால் உயிர் தங்காது. பழமோ ஏழெட்டு மாதம் தாங்கும். ஆனால், உள்ளே வந்த பழத்தை இளமையாக்கும் வித்தை எங்களிடம் இல்லை.

ஒரு வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு லோடு வந்தது. வழியில் மண்சரிவு, லாரி இரண்டு நாள் வெயிலில் நின்றிருக்கிறது. பெட்டிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு. பார்வைக்கு நல்ல சிவப்பு. குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் தோய்த்தோம். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து குறையும்; அது உள்ள இடம் மட்டும் கருநீலமாகும். நெடுநாள் வைக்கவேண்டிய பழத்தில் நடுவே வெளுத்து, தோலை ஒட்டிய சதை கருத்து நிற்கவேண்டும். இதில் ஓரமாக ஒரு கீற்றுதான். உடனே விற்றுவிடுங்கள் என்றேன். சரக்குக்காரருக்கு மனசில்லை. மார்ச்சில் அறையைத் திறந்து, பழத்தில் குத்தி உறுதியை அளக்கும் அழுத்தமானியை வைத்தால், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியது போல இறங்கியது.

வேடிக்கை என்னவென்றால், வாயில் தட்டுப்படும் அந்த மாவு மாவுச்சத்தே அல்ல. செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்துபோய், கடிக்கும்போது அவை உடைந்து சாறு விடாமல் தனித்தனியாக உதிர்கின்றன.

தோட்டக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: காலைக் குளிரில் பறியுங்கள், நிழலில் வையுங்கள், அன்றைக்கே அனுப்பப் பாருங்கள். காய் பருவத்தில் கால்சியம் தெளிப்பதையும் விடவேண்டாம். அது குறைந்த பழம் கிடங்குக்குள் வரும்போது பளிச்சென்று இருக்கும். பிறகுதான் தோலில் பழுப்புப் புள்ளி விழுந்து கசக்கும்.

வாங்கியவர்கள் மேசையில் அடுக்கி அழகு பார்க்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். கேரட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், எத்திலீன் பட்டால் கேரட் கசந்துவிடும்.