மிரர், பூட், இரட்டைப் பதிவு

"ரெண்டு டிரைவும் மிரர்லதான் சார் இருக்கு, பயப்படாதீங்க." கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய சர்வரில் கணக்கு ஓட்டும் ஜவுளிக் கடை, அச்சகம், பரிசோதனைக் கூடம் எதிலும் கேட்கக்கூடிய வாக்கியம் இது. 'மிரர்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். எழுதுவதெல்லாம் இரண்டு டிரைவிலும் எழுதப்படுகிறதா? ஒன்று செத்தால் மற்றொன்றை வைத்துச் சர்வர் பூட் ஆகுமா? தவறி அழித்த பில் திரும்பக் கிடைக்குமா? முதல் கேள்விக்குப் பதில் ஆம். இரண்டாவது, அமைத்தவரின் கைவேலையைப் பொறுத்தது. மூன்றாவதற்கு இல்லை.

மிரர் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'மிராரி'. வியந்து நோக்குதல் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்றும் முகம் பார்க்கும் கண்ணாடி 'மிர்வார்'தான். கணினித் துறையில் இந்த உருவகம் பழையது. 1976இல் வெளிவந்த டாண்டம் நான்ஸ்டாப் கணினிகளிலேயே இரட்டை வட்டுகள் இருந்தன. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் 'ரெய்டு' (RAID) என்ற பெயரை முன்வைத்தபோது, மிரர் முறையை அதன் முதல் நிலையாக வைத்தார்கள். ரெய்டு 1 என்பது அதுதான். ரெய்டின் 'ஐ' அப்போது 'விலை மலிவான' என்பதைக் குறித்தது; பிற்பாடு 'தனித்தனியான' என்று மாறிக்கொண்டது. விற்பவர்களுக்கு மலிவு என்ற சொல் எப்படிப் பிடிக்கும்?

தமிழில் இந்த உருவகம் இன்னும் பழையது. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார், 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல' என்கிறார். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் மகனைப் பெற்றவள் விரும்பியதை அப்படியே செய்கிறான் என்று பரத்தை எள்ளும் இடம் அது. ஆடி என்றால் கண்ணாடி. அதில் தெரியும் உருவம் பாவை. முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். முதல் வட்டில் எழுதினால் இரண்டாவதிலும் எழுதும், முதல் வட்டில் அழித்தால் இரண்டாவதிலும் அந்த நொடியே அழியும். மிரர் ஏன் பேக்கப் ஆகாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

அப்படியானால் மிரருக்குத் தமிழில் 'ஆடி வட்டு' என்றே பெயர் வைத்துவிடலாமா? இன்று ஆடி என்றதும் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும். 'கண்ணாடி வட்டு' என்றாலும் சிக்கல். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பலவற்றின் உள்தட்டு உண்மையிலேயே கண்ணாடியால் ஆனது. 'நகல்', 'பிரதி' என்பவை பேக்கப்புக்கு உரியவை. இங்கே வைத்தால் மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று பொய் சொன்னதாகும். 'இணைவட்டு' கேட்க நன்றாக இருக்கிறது. இணை என்றால் ஜோடி, நிகர் இரண்டும்தான். ஆனால் இணையம், இணைப்பு என்று ஏற்கெனவே நெரிசலான இடம். 'கேபிளில் இணைத்த வட்டு' என்று படித்துவிடுவார்கள்.

உருவகத்துக்கே ஒரு குறையும் உண்டு. கண்ணாடி முன் நிற்கும் ஆள் நகர்ந்துவிட்டால் பாவையும் போய்விடும். ரெய்டு 1இல் அசல், நிழல் என்ற பேதமில்லை. இரண்டு வட்டும் சமம். இரண்டும் எழுதி முடித்த பிறகே எழுதும் வேலை முடிந்ததாகக் கணக்கு. படிக்கும்போது எதிலிருந்து வேண்டுமானாலும் படிக்கும். ஆகவே செயலுக்கு 'இரட்டைப் பதிவு' என்பதே பொருந்தும். வட்டுகளை 'இரட்டை வட்டு' எனலாம்.

இனி 'பூட்'. பூட்ஸைக் காலில் இழுத்து மாட்ட அதன் பின்புறம் தைத்திருக்கும் தோல் வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற கிண்டலிலிருந்து கணினிச் சொல் வந்தது. நினைவகம் காலியாக இருக்கும் கணினி, ஒரு சிறு நிரலை ஏற்றி, அதைக் கொண்டு பெரிய நிரலை ஏற்றித் தானே எழுந்து நிற்கிறது. நம் ஊர் 'வண்டியைப் பூட்டு', 'ஏர் பூட்டு' என்பதற்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனாலும் கிளம்ப ஆயத்தமாக்குவது என்ற பொருள் அழகாகத் தற்செயலாய்ப் பொருந்துகிறது. 'தொடக்கம்' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. "ஆன் ஆகுது, பூட் ஆகலை" என்பதில் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. 'எழுப்புதல்' காட்டும். மின்சாரம் வந்தும் கணினி எழவில்லை என்றால் யாருக்கும் புரியும்.

இந்த வேறுபாட்டில்தான் இரண்டாம் கேள்வி சிக்கிக்கொள்கிறது. சாஃப்ட்வேர் வழி இரட்டைப் பதிவு வேலை செய்வது இயங்குதளம் எழுந்த பிறகு. எழுப்பும் நிரல் அதற்கு முன்பே ஓடியாக வேண்டும். அது ஒரே வட்டில் இருந்தால் தரவு இரண்டிலும் பத்திரமாக இருக்கும், சர்வர் மட்டும் கருந்திரையோடு நிற்கும். 2009இல் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 போன்ற பழைய பெட்டியில் பெர்க் 6/ஐ என்ற ரெய்டு கார்டு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி ரெய்டு 1 அமைத்தால், கார்டு இரண்டையும் ஒரே வட்டாகக் காட்டும். பூட் பகுதியும் தானாகவே இரட்டிக்கும். ஆனால் அந்தக் கார்டு 2 டிபிக்கு மேற்பட்ட வட்டை முழுதாக ஏற்காது. கார்டின் பேட்டரி செத்தால் எழுதும் வேகம் படுத்துவிடும். கார்டே செத்தால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். அதனால் சாதாரண சாட்டா போர்ட் அல்லது வட்டுகளை அப்படியே தனித்தனியாகக் காட்டும் எச்பிஏ கார்டில் இரண்டு 240 ஜிபி எஸ்எஸ்டியை மாட்டி, டெபியன் லினக்ஸில் எம்டிஆட்ம் (mdadm) என்ற சாஃப்ட்வேர் ரெய்டு கருவி கொண்டு அமைப்பதே எங்கள் பரிந்துரை.

இரண்டு எஸ்எஸ்டியும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டாம். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே வாரத்தில் சாக வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஜிபிடி என்ற முறையில் ஒரே மாதிரிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள தொடக்க நிரல் (ஃபர்ம்வேர்) பழைய பயாஸ் என்றால் முதலில் 1 எம்பி பயாஸ்-பூட் பகுதி. புதிய யுஇஎஃப்ஐ என்றால் எழுப்பும் நிரலை வைக்க இஎஸ்பி என்ற 512 எம்பி பகுதி. அடுத்தது ரெய்டு பகுதி. கடைசியில் 2 ஜிபி காலியாக விடுங்கள். நாளை வாங்கும் வேறு கம்பெனி 240 ஜிபி சில செக்டர் குறைவாக இருந்தாலும் பொருந்தும். நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பையும் ரெய்டுக்குள்ளேயே வையுங்கள். ஒரு வட்டில் மட்டும் ஸ்வாப் வைத்தால் அந்த வட்டு போகும்போது ஓடிக்கொண்டிருந்த நிரலும் விழும்.

பிறகு கிரப், அதாவது லினக்ஸை எழுப்பும் நிரல். டெபியனில் கிரப்-பிசி பொதியை மறு உள்ளமைவு செய்யும்போது இரண்டு வட்டையும் டிக் செய்ய வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டியது முழு வட்டை, அதன் பிரிவை அல்ல. இஎஸ்பி விஷயம் வேறு. மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கு எம்டிஆட்ம் ரெய்டு தெரியாது. எம்டிஆட்மின் 1.2 வகை ரெய்டு குறிப்பு பகுதியின் தலைப்பக்கம் 4 கேபி தள்ளி உட்கார்வதால், உள்ளே இருக்கும் ஃபேட் கோப்பு முறைமை ஃபர்ம்வேர் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு இஎஸ்பியையும் ரெய்டுக்கு வெளியே தனித்தனியாக வைத்து, கிரப் புதுப்பிக்கும்போதெல்லாம் முதலாவதை இரண்டாவதில் படியெடுத்து, ஃபர்ம்வேரின் பூட் வரிசையில் இரண்டையும் சேர்ப்பது நிம்மதி.

சோதிக்காத இரட்டைப் பதிவை நம்பக் கூடாது. சர்வரை அணைத்து முதல் வட்டைக் கழற்றி இயக்குங்கள். எழுந்தால், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் நல்ல வட்டுக்கு ஒன்றாக இருந்த இரண்டு 'யு'வுக்குப் பதில் ஒரு கோடும் ஒரு 'யு'வும் தெரியும். இந்த நிலையைத் தமிழில் சொல்லக் கையிலேயே ஒரு தொடர் இருக்கிறது: ரசம் போன கண்ணாடி. முகம் தெரியும், ஆனால் நம்ப முடியாது. அணைத்து, கழற்றிய வட்டை மாட்டி, மறுபடி சேர்த்தால் ஒத்திசைவு ஓடும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 240 ஜிபிக்கு 27 நிமிடம். எந்தெந்த இடம் மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் மாறிய இடங்களுக்கு மட்டும், சில நொடி. ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் வட்டில் தனியாகவும், பிறகு இரண்டாவதில் தனியாகவும் எழுப்பி இரண்டிலும் எழுதவிட்டால், இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். அப்போது ஒன்றின் ரெய்டு குறிப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும்.

ரசம் போனதை யாரும் கவனிக்காவிட்டால் மற்றதும் போகும் வரை சர்வர் ஓடிக்கொண்டேயிருக்கும். எம்டிஆட்ம் உள்ளமைவில் மின்னஞ்சல் முகவரி தந்து சோதனைக் கடிதம் ஒன்று வந்து சேர்கிறதா என்று பாருங்கள். டெபியன் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு சர்வரை அணைக்காதீர்கள்.

இது கடலோரம் என்பதையும் மறக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ஊர்ப்பக்கம் இது. ஐப்பசி கார்த்திகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் ஒரு வட்டில் எழுதியது மற்றதில் இல்லாமல் போகலாம். பிட்மேப்பும் யுபிஎஸ்ஸும் அதற்குத்தான். உப்புக் காற்று வட்டின் பொன்முலாம் பூசிய முனைகளையும் விடாது. தொடர்பு விட்டுப்போய் நல்ல வட்டே ரெய்டிலிருந்து விழுந்துவிடும். வட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண் ஏறினால் பழுது கேபிளிலோ முனையிலோ இருக்கும். 5உம் 197உம் ஏறினால்தான் வட்டே போகிறது என்று பொருள். எதைக் கழற்றுவது என்று அப்போது தடுமாறாமலிருக்க, வட்டின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை வட்டு செருகும் தட்டு (caddy) ஒவ்வொன்றின் முகப்பிலும் இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள். எம்டிஸ்டாட் காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த முறை எழும்போது இடம் மாறிவிடக்கூடும்.