கூட்டினால் கணக்கு இடிக்கிறதா? டேட்டாடைப்பைப் பாருங்கள்

ஒரு நூலகத்தின் இரவல் பதிவுகளை ஆர்.டி.எஃப்-ஆக (தகவலைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதும் தரவு வடிவம்) மாற்றிக் கொடுத்திருந்தோம். 2019-க்கு முன் எத்தனை, 2019 முதல் எத்தனை என்று ஸ்பார்க்கிளில் (அந்தத் தரவிடம் கேள்வி கேட்கும் மொழி) கேட்டு, இரண்டையும் கூட்டினால் மொத்தப் பதிவுகளைவிடக் குறைவாக வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பதிவுகள் இரண்டு எக்செல் கோப்புகளிலிருந்து வந்தவை. ஒன்றில் நேரம் ஒழுங்காக, ஆண்டில் தொடங்கி இருந்தது. மற்றதில் 15/08/2019 10:30. எங்கள் ஸ்கிரிப்ட் இரண்டின் தலையிலும் எக்ஸ்எஸ்டி டேட்டைம் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. எக்ஸ்எஸ்டி என்பது எண், தேதி போன்ற டேட்டாடைப்புகளுக்கான (தரவு வகைகளுக்கான) தர விதி; அதில் தேதியும் நேரமும் சேர்ந்த வகை டேட்டைம், ஆண்டில்தான் தொடங்க வேண்டும்.

ஆர்.டி.எஃப்-பில் இது இலக்கணப் பிழை இல்லை என்பதுதான் வம்பு. எழுத்து வடிவமும் டேட்டாடைப்பும் சேர்ந்தால் லிட்டரல், அதாவது நேரடி மதிப்பு. அந்த எழுத்துக்கு அந்த வகையில் மதிப்பு இல்லாவிட்டாலும் கோப்பு சமர்த்தாக ஏறிவிடும். ஒப்பிடும்போதுதான் சிக்கல். ஸ்பார்க்கிள் விதிப்படி அந்த ஒப்பீடு பிழை. ஃபில்டரில் (வரிகளைச் சலிக்கும் நிபந்தனையில்) பிழை வந்தால் அந்த வரி உதிர்ந்துவிடும். 'இல்லை' என்று திருப்பிக் கேட்டாலும் பிழை பிழைதான். அதனால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அவை வரவில்லை.

பைத்தானில் ஆர்.டி.எஃப்-ஐக் கையாளும் நிரல் தொகுப்பான ஆர்டிஎஃப்லிப், இப்படிப்பட்ட லிட்டரலின் மதிப்பை 'நன்' (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்துக்கொண்டு, லாகில் (நிரலின் குறிப்பேட்டில்) ஓர் எச்சரிக்கை எழுதும். லாகை யார் படிக்கிறார்கள்? ஏற்றும் இடத்திலேயே 'இல் டைப்ட்' (வகைக்குப் பொருந்தாத மதிப்பு) என்ற கொடியைச் சோதித்து, மாட்டியதைத் தனிக் கோப்பில் ஒதுக்குவது நல்லது.

ஆம்/இல்லை மட்டும் சொல்லும் பூலியன் வகையில் இன்னொரு கூத்து. எக்ஸ்எஸ்டி கணக்கில் ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 நான்குதான் செல்லும். அதுவும் சின்ன எழுத்தில். பைத்தானின் ட்ரூவை ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஆக்கினால் முதல் எழுத்து கேபிட்டல், செல்லாது. திரும்பப் படிக்கையில் 'ஃபால்ஸ்' என்ற சொல்லை பூல் ஃபங்ஷனுக்குள் போட்டால் ட்ரூ வரும்; காலியாக இல்லாத ஸ்ட்ரிங் எல்லாமே அதற்கு ட்ரூ.

அப்புறம் புத்தகச் சேர்க்கை எண். 00471-ஐ இன்டிஜர் (முழு எண்) என்று கொடுத்தால் ஆர்டிஎஃப்லிப் இயல்பாகவே அதை 471 ஆக்கிவிடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

நூலகக் கோப்பில் 15/08 போன்றவற்றை உடனே திருத்திவிட்டோம். 05/06/2019 மாதிரி இருந்தவற்றை மட்டும் தொடவில்லை. அது ஜூனா, மே மாதமா? நூலகர் பழைய பதிவேட்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார்.