அமெரிக்காவில் வீடு மாறினால் 10 நாள்தான் கெடு

குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் எங்கள் அலுவலகத்துக்குக் கோடை விடுமுறை வந்தால் ஒரே மாதிரி அழைப்புகள் வரும். லீஸ் முடிந்து டெக்சாஸில் இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறியிருப்பார்கள், கிரீன் கார்டை அனுப்பிவிட்டதாகக் குடியேற்ற மனுக்களைக் கையாளும் அரசுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தளம் காட்டும், ஆனால் கார்டு கைக்கு வந்திருக்காது. “போஸ்ட் ஆபீஸில் அட்ரஸ் மாத்திட்டோமே” என்பார்கள்.

தபால் துறையிடம் சொன்னது யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போகாது. யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் தபாலைத் தபால் துறை புது வீட்டுக்குத் திருப்பிவிடும் என்றும் நம்பக் கூடாது, யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கே அது திரும்பிப் போய்விடும். அப்படித் திரும்பிய கார்டைக் கேட்டு 60 வேலை நாட்களுக்குள் நீங்கள் தொடர்புகொள்ளாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

சட்டம் கேட்பது இதுதான்: வீடு மாறிய 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தூதரக ஊழியர்கள் போன்ற சிலரைத் தவிர, குடியுரிமை பெறாத எல்லோருக்கும் இது பொருந்தும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். கணவர் தெரிவித்துவிட்டால் குடும்பத்துக்கே ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள், மனைவி, குழந்தைகள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. வேண்டுமென்றே தெரிவிக்காமல் இருப்பது குற்றம், அபராதம், 30 நாள் வரை சிறை, நாடு கடத்தும் நடவடிக்கை வரைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது சிறை இல்லை, தபால்தான். கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் ஆர்எஃப்இ கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் சொல்லும் கெடு முடிந்து, மனு நிராகரிக்கப்பட்ட பிறகுதான் விஷயமே தெரிய வருகிறது. கைரேகைக்கான அப்பாயின்ட்மெண்ட் தவறினாலும் மனுவை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பல வருடக் காத்திருப்பு இப்படிப் போவதைப் பார்க்கும்போது மனசு தாங்காது. அதனால் காகிதப் படிவத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அதை வைத்து நிலுவையில் உள்ள மனுக்களில் முகவரி தானாக மாறாது. யுஎஸ்சிஐஎஸ் இணையக் கணக்கில் போய், ஒவ்வொரு மனுவின் ரசீது எண்ணையும் கொடுத்து மாற்றுங்கள், அப்புறம் சில நாள் கழித்து எல்லாவற்றிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் 10 நாட்களுக்குள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் சொன்னால் போதும், ஆனால் படிப்பு சார்ந்த வேலைக்கு அனுமதி கேட்கும் ஓபிடி மனு நிலுவையில் இருந்தால் அதிலும் மாற்ற வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் வேறு ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்ப்பதாக இருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன்பே கம்பெனியின் வழக்கறிஞரிடம் பேசுங்கள். பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் பொதுவாகத் திருத்திய மனு தேவைப்படும், ஏஆர்-11 அதற்கு ஈடாகாது.

இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கேட்டு, வழக்கு குடியேற்ற நீதிமன்றத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். நீதிமன்றம் வேறு துறை, யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் சொன்னது அங்கே போய்ச் சேராது. 5 வேலை நாட்களுக்குள் முகவரி மாற்றத்துக்கான இஓஐஆர்-33 படிவத்தை நீதிமன்றத்தில் கொடுத்து, அதன் நகலை அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். விசாரணைத் தேதி பழைய முகவரிக்குப் போய் நீங்கள் ஆஜராகாவிட்டால், நீங்கள் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவு போட்டுவிடலாம்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஏஆர்-11 இல்லை, சரி. ஆனால் அப்பா அம்மாவுக்கு, அவர்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்பான்சர் செய்திருந்தால், அந்தப் பொறுப்பு முடியும் வரை ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் 30 நாட்களுக்குள் ஸ்பான்சரின் முகவரி மாற்றத்துக்கான ஐ-865 படிவத்தை அனுப்ப வேண்டும்.