டைட்டான டேபிளில் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால் கணக்கு எங்கே இடிக்கிறது

லாஸ் வேகஸில் வார நாள் காலையில் 1-3 டாலர் நோ லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையிலும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவிலும் வைத்து ஆடும் போக்கர்) டேபிளில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒன்பது பேரில் ஐந்தாறு பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். சீட்டைப் பார்ப்பார்கள், போட்டுவிடுவார்கள் (அந்தக் கையை ஆடாமல் விட்டுவிடுவார்கள்), காபியைக் குடிப்பார்கள். இப்படி நல்ல சீட்டுக்கு மட்டும் ஆடுகிறவர்கள் நிறைந்ததுதான் டைட்டான டேபிள். அவர்களுக்கு அவசரமே கிடையாது, அதற்குக் காரணமும் உண்டு. பல போக்கர் அறைகளில் குறிப்பிட்ட நேரத்துக்குள் மிகப் பெரிய சீட்டுச் சேர்க்கை வைத்தவருக்கு ஹை ஹேண்ட் பரிசு இருக்கிறது, ஆடிய மணி நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் சலுகைகளும் இருக்கின்றன. நாற்காலியில் இருந்தாலே ஏதோ ஒன்று வரும் என்கிறபோது சுமாரான சீட்டோடு எதற்கு மோத வேண்டும்?

என்னிடம் ஆட்டம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் பணத்தை மெல்ல மெல்ல விடுவது இந்த மாதிரி டேபிளில்தான். பெரிய பிளஃப் (இல்லாத சீட்டை இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் வைப்பது) அடித்து விடுவதில்லை. ‘எல்லாரும் பொறுமையாக ஆடுகிறார்கள், நாமும் நல்ல சீட்டு வரட்டும் என்று இருப்போம்’ என்று உட்கார்ந்தே விடுகிறார்கள். இந்த யோசனை எவ்வளவு செலவு வைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா இந்த நான்கும் சேர்ந்து மொத்தம் 1326 சீட்டுச் சேர்க்கைகளில் 34. அதாவது சராசரியாக 39 கைக்கு ஒரு முறை வரும். நேரடி டேபிளில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 கைதான் போடுவார்கள். ஆக, இதில் ஒன்று வர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பது பேர் டேபிளில் அதற்குள் பிளைண்டுக்கு (ஒவ்வொரு கையிலும் இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் 1, 3 டாலருக்கு) மட்டும் 17 டாலர் போயிருக்கும். அப்புறம் ஒருவழியாக ராஜா ஜோடி வந்து ரெய்ஸ் செய்கிறீர்கள் (பந்தயத்தை உயர்த்துகிறீர்கள்). ஒரு மணி நேரமாக நீங்கள் ஃபோல்டு செய்ததைப் (சீட்டைப் போட்டுவிட்டதைப்) பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள். கிடைப்பது 4 டாலர். யாராவது போடாமல் இருந்தால் அவரிடமும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

டைட்டான டேபிளில் பணம் உங்கள் சீட்டில் இல்லை. மற்றவர்கள் சண்டை போடாமல் விட்டுக்கொடுக்கும் சின்னச் சின்ன பாட்களில் (ஒரு கையில் நடுவில் சேரும் பந்தயப் பணத்தில்) இருக்கிறது. அதை எடுக்கத் தெரிய வேண்டும். அதே ஆள் திடீரென்று விட்டுக்கொடுக்காதபோது வழிவிடவும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது.

எடுப்பதில் பலரும் தவறுவது ரெய்ஸ் அளவில். கலகலப்பான டேபிளில் பழகியவர்கள் கை தானாகவே 15 டாலரை முன்னால் தள்ளும். அங்கே 8 டாலருக்கு ஐந்து பேர் உள்ளே வருவார்கள் என்பதால் அது சரி. இங்கே 4 டாலர் பிளைண்டை எடுக்க 15 டாலரைப் பணயம் வைத்தால் நூற்றுக்கு 79 முறை எல்லோரும் ஃபோல்டு செய்தால்தான் கட்டுபடியாகும். 8 டாலர் வைத்தால் 67 முறை போதும். நீங்கள் பட்டனில் (பிளைண்டுகளுக்குச் சற்று முன்னால் முடிவெடுக்கும் இடத்தில்) இருக்கிறீர்கள், மிச்சம் இருப்பது பிளைண்டில் இருக்கும் இருவர், இருவருமே 85 சதவீதச் சீட்டுகளைப் போட்டுவிடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து போடுவது 72 சதவீதம். 15 டாலரில் அது நஷ்டம், 8 டாலரில் லாபம். ஃப்ளாப்புக்குப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுக்குப்) பிறகு கிடைக்கக்கூடியதை இதில் நான் சேர்க்கவே இல்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு விலை பெரிய விஷயம் இல்லை என்பது என் அனுபவம். பிடித்த சீட்டாக இருந்தால் 15-க்கும் வருவார்கள், பிடிக்கவில்லை என்றால் 8-க்கும் வரமாட்டார்கள்.

ஒரு கூடுதல் வசதியும் உண்டு. வேகஸில் பெரும்பாலான அறைகளில் ஃப்ளாப் விரியாவிட்டால் ரேக் (பாட்டிலிருந்து அறை எடுத்துக்கொள்ளும் பங்கு) கிடையாது. அங்கே எடுக்கிற 4 டாலர் முழுசாக உங்களுடையது. அதே சமயம் ஃப்ளாப் பார்த்த 20 டாலர் பாட்டில் 10 சதவீத ரேக்கும் ஜாக்பாட் பிடித்தமும் சேர்ந்து 3 டாலர் போவது சாதாரணம். ஊருக்கு ஊர் இது மாறும். டெக்சஸ் கிளப்களில் பாட்டிலிருந்து ரேக் எடுப்பதில்லை, இருக்கைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே சும்மா காத்திருப்பதற்கே காசு. கலிபோர்னியாவின் பல கார்டு கிளப்களில் பாட் சிறியதாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தொகையை எடுத்துவிடுவார்கள். உட்காரும் முன் டீலரிடமே கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் 8 டாலர் ரெய்ஸுக்கு பிக் பிளைண்டில் (3 டாலர் பிளைண்டில்) இருப்பவர் கால் செய்துவிட்டார், அதாவது அதே தொகையைப் போட்டு உள்ளே வந்துவிட்டார். பாட்டில் 17 டாலர். ஜோடி இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் ஒரு ஜோடிகூட அமையாது. 7 டாலர் பெட் போட்டால் மூன்றில் ஒரு முறை அவர் விட்டாலே உங்களுக்குப் போதும். ஆனால் எல்லா ஃப்ளாப்பிலும் இதைச் செய்யாதீர்கள். டைட்டான ஆள் கால் செய்கிற சீட்டில் ஐந்து, எட்டு, ஒன்பது என்று ஜோடிகள் நிறைய இருக்கும். ராஜா-ஏழு-இரண்டு என்று வேறு வேறு இனத்தில் விழுந்தால் எட்டு ஜோடிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டுவிடுவார். ஒன்பது-எட்டு-ஏழு, அதில் இரண்டு கிளாவர் என்று விழுந்தால் அவர் நகரவே மாட்டார். அங்கே பெட் போடுவது வீண். முதல் பெட்டுக்கு அவர் கால் செய்துவிட்டார், உங்கள் கையில் எதுவும் இல்லை என்றால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் நல்லது.

இனி வழிவிடுவது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் ஒரே கையில் முந்நூறு டாலர் போவது இங்கேதான்.

உங்களிடம் ராணி ஜோடி. 12 டாலர் ரெய்ஸ். ஒரு மணி நேரமாக ஒரு ரெய்ஸ்கூடச் செய்யாத ஸ்மால் பிளைண்ட் (1 டாலர் பிளைண்ட்) பெரியவர் காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, 40 டாலர் வைக்கிறார். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் ஏஸ்-ராஜாவை வைத்து ரீ-ரெய்ஸ் செய்வாரா? செய்வார் என்றால் அவரிடம் ஏஸ் ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 6 விதம், ஏஸ்-ராஜா 16 விதம். அவற்றுக்கு எதிராக உங்களுக்கு 40 சதவீத வாய்ப்பு. செய்யமாட்டார் என்றால் மிச்சம் இரண்டு ஜோடிகள்தான், உங்கள் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் வேறொருவரின் ரெய்ஸுக்கு வெறும் கால் செய்துவிட்டுக் கடைசியில் ஏஸ்-ராஜாவைத் திருப்பிக் காட்டினார் அல்லவா? அப்போது நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

பார்த்திருந்தால், இந்த நிமிடத்தில் உங்கள் ராணி ஜோடிக்கும் வெறும் இரண்டாம் நம்பர் ஜோடிக்கும் (2-2) பெரிய வித்தியாசம் இல்லை. ஃப்ளாப்பில் மூன்றாவது ராணி வந்தால்தான் உண்டு, அது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு முறை. இன்னும் 28 டாலர் போட வேண்டும். அது ஈடுகட்ட, ராணி விழும்போதெல்லாம் சராசரியாக 210 டாலர் வர வேண்டும். பாட்டில் ஏற்கனவே 55 இருக்கிறது, மீதி 155 அவரிடமிருந்து வர வேண்டும். இருவரிடமும் இன்னும் 260 டாலர் இருந்தால் கால் செய்து ஃப்ளாப் பார்க்கலாம், ராணி வராவிட்டால் விட்டுவிடலாம். அவரிடம் 120 டாலர்தான் மிச்சம் என்றால் இப்போதே ஃபோல்டு. டர்னிலும் ரிவரிலும் (ஐந்தாவது பொதுச் சீட்டிலும்) இதே விதிதான்: இத்தனை நேரம் செக் (பந்தயம் வைக்காமல் விடுவது), கால் என்று மட்டும் இருந்தவர் ரெய்ஸ் செய்தால் உங்கள் ஒற்றை ஜோடி, அது ஏஸ் ஜோடியாகவே இருந்தாலும், பெரும்பாலும் தோற்றுவிட்டது.

நேரடி ஆட்டத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு தகவல் உண்டு. உங்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இடது பக்கம் பாருங்கள். போடப் போகிறவர்கள் பலர் சீட்டை எறிவதற்குத் தயாராகக் கையிலேயே பிடித்திருப்பார்கள். ஆடப் போகிறவர் சீட்டைக் கீழே வைத்து மேலே ஒரு சிப்பை வைத்திருப்பார். உங்கள் முறை வரும்போது பட்டன் வரைக்கும் மூன்று பேர் எறியத் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்தால், நீங்கள்தான் கிட்டத்தட்ட பட்டன்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் இந்த டேபிளில் வருமானத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சுற்றுக்கு 4 டாலர் பிளைண்டும் சில சின்ன பாட்களும், அவ்வளவுதான். இதிலிருந்து பெரிய தொகை எடுக்க முடியும் என்று நினைத்து இல்லாத இடத்தில் பிளஃப் அடிக்க ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அடுத்த டேபிளில் சிரிப்பும் சத்தமும் கேட்கிறது, பாட் எல்லாம் நூறைத் தாண்டுகிறது என்றால் அறையைக் கவனிக்கும் ஃப்ளோர்க்காரரைக் கூப்பிட்டு டேபிள் சேஞ்ச் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அறையில் ஓடுவதே ஒரு டேபிள்தான் என்றால் சிப்ஸை மாற்றிக்கொண்டு போய்விட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி வாருங்கள். அப்போது அதே 1-3 டேபிளில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.