பெந்தோஸ்: ஆழ்நீர் உயிரியா, அடிவாழியா?

"ஏரியின் கரையோர ஆழ்நீர் நுண்ணுயிர்கள்." பாரூர் ஏரி, இராமக்காள் ஏரி என்று நம் பக்கத்து நீர்நிலைகளைப் பற்றி யாராவது அறிவியல் பேசத் தொடங்கினால் இந்தத் தொடர் வந்து விழுகிறது. ஏரி ஓரத்தில் தரையை ஒட்டி வாழும் நத்தை, மட்டி, நண்டு, தட்டான் குஞ்சு, இரத்தப்புழு ஆகியவற்றைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இதில் 'ஏரி' மட்டும் சரி.

இதில் 'ஆழ்நீர்' என்று பெயர்த்ததன் மூலச்சொல் பெந்தோஸ். கிரேக்கத்தில் ஆழம் என்று பொருள். 1890 வாக்கில் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இதை நீரடித் தரையில் வாழும் உயிர்களுக்கு வைத்தார். 'கரையோரம்' என்று பெயர்த்த 'லிட்டோரல்' இலத்தீனில் கரை. வேர்க்கதை அவ்வளவுதான்.

ஆழம் என்ற வேரைப் பிடித்துக்கொண்டுதான் 'ஆழ்நீர் உயிரி' ஆக்கினார்கள். சிலர் ஒருபடி மேலே போய் 'ஆழ்கடல் உயிரி' என்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் ஊரும் நத்தைக்கு ஆழ்கடல் எங்கிருந்து வந்தது? பெந்தோஸ் என்பது எவ்வளவு ஆழம் என்ற கணக்கே இல்லை. மிதக்கிறதா, நீந்துகிறதா, தரையில் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சாண் தண்ணீரானாலும் தரையில் வாழ்ந்தால் அது பெந்தோஸ். இன்னொன்று, ஏரியில் வெளிச்சம் எட்டாத ஆழ்பகுதிக்கு 'புரோஃபண்டல்' என்று தனிப்பெயர் உண்டு. 'ஆழ்' என்பதை இங்கேயே செலவழித்துவிட்டால் அதற்கு எதை வைப்பது?

'அடித்தள உயிரி' என்பாரும் உண்டு. அடித்தளம் வீட்டுக்குப் போடுவது. 'அடிமட்ட உயிரி' என்றால் கட்சித் தொண்டர் நினைவு வருகிறது. கூட்டுவாழி என்ற மாதிரியில் 'அடிவாழி' என்பேன். திருவடி வாழ்த்துப் போல ஒலிக்கிறதே என்று கேலி செய்வார்கள். செய்யட்டும், பொருள் பிசகவில்லை.

'கரையோரம்' அதைவிட மோசம். பார்க்க நல்ல தமிழாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. லிட்டோரல் என்பது வெளிச்சம் தரைவரை இறங்கி, வேர்விட்ட நீர்ச்செடி வளரும் ஆழமற்ற பகுதி. நம் ஊரில் ஏரிக்கரை என்றால் மண் கொட்டி உயர்த்திய கரை. மதகு இருப்பது அங்கே, ஏரியின் ஆழமும் அங்கேதான். கோரையும் சம்பும் அடர்ந்த மேட்டுப்பகுதி கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் வந்து சேரும் பக்கம். 'கரையோரத்தில் மாதிரி எடு' என்று எழுதிக் கொடுத்தால், மாணவர் அலைகல்லில் இறங்கி மதகடி ஆழத்தில் வலை போடுவார். கிருஷ்ணகிரி அணையிலும் அப்படித்தான், சுவரை ஒட்டித்தான் ஆழம். இயற்கை ஏரிகள் உள்ள நாட்டின் சொல்லை நம் ஏரிக்குக் கொண்டுவரும்போது நிலத்தைப் பார்க்க வேண்டாமா? 'ஓரநீர்' என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஓரநீர் அடிவாழிகள்.

நுண்ணுயிர் என்பது வெறும் கவனக்குறைவு. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்குகிற, கண்ணுக்குத் தெரிகிற முதுகெலும்பிலிகளைத்தான் பெரும்பாலும் இங்கே கணக்கெடுக்கிறார்கள். 'முதுகெலும்பிலி' நல்ல சொல், இருக்கட்டும். அதை 'முதுகுநாணற்றவை' என்று மாற்றி எழுதுவோர் முதுகுநாண் வேறு, முதுகெலும்பு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். 'புழு பூச்சிகள்' என்று சுருக்கவும் முடியாது. நத்தையும் மட்டியும் புழுவுமல்ல, பூச்சியுமல்ல.

மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கிறார், ஏரியில் இறங்குவதில்லை. இரத்தப்புழு என்ற பெயர் தூண்டில்காரருக்கும் மீன்தொட்டி வைத்திருப்பவருக்கும் தெரியும். அதன் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஒருவகை ஹீமோகுளோபின். அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கிறது. இதைக் 'குருதிவண்ண இளவுயிரி' என்று எழுதி யாருக்கு என்ன லாபம்? 'மேஃப்ளை' என்ற சிறகுப்பூச்சிக்கு ஈசல் என்று போடுவது இன்னும் அநியாயம். மேஃப்ளையின் குஞ்சு தண்ணீருக்குள் செவுளோடு வளர்வது, அது மிகுந்திருந்தால் நீர் ஓரளவு நன்றாக இருக்கிறது என்று கொள்வார்கள். ஈசல் சிறகு முளைத்த கரையான். நீரின் தூய்மைக்கு ஈசல் அடையாளம் என்று படித்த பிள்ளை ஏரியை விட்டுவிட்டுப் புற்றைத் தேடிப் போகும்.