கருத்துக்கணிப்பு: எண்ணிக்கையா, ஆரூடமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போது செய்திகளில் தினமும் அடிபடும் சொல் 'கருத்துக்கணிப்பு'. முடிவு வந்த மறுநாள் அதே சொல் வசவோடு வரும்: 'கருத்துக்கணிப்புகள் பொய்த்தன'. அந்த வினையைக் கவனியுங்கள். மழை பொய்க்கும், ஆரூடம் பொய்க்கும். அளவு பொய்க்காது, கூடும், குறையும், பிசகும். இந்தச் சொல்லை நாம் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறோம் என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஒப்பீனியன் போல்' என்று பெயர். 'போல்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் தலை, குறிப்பாக உச்சந்தலை. ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரிக்கு அங்கே 'போல் டாக்ஸ்' என்று பெயர். 1381-இல் இங்கிலாந்துக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தது இந்த வரியை எதிர்த்துத்தான். தமிழில் நாம் தலைவரி என்கிறோம். இரண்டு மொழிக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது. தலைகளை எண்ணுவது என்ற பொருள் அப்புறம் வாக்குகளை எண்ணுவது என்று நகர்ந்தது, பிறகு வாக்குப்பதிவையே குறித்தது, கடைசியில் கருத்துகளை எண்ணுவதற்கும் வந்து சேர்ந்தது. இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சொல்லில் வருங்காலம் பற்றிய சாயல் ஏதும் ஒட்டவில்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு.

தமிழ்ச் சொல்லைப் பிரித்தால் கருத்து, கணிப்பு. கருது என்ற வினையிலிருந்து வந்தது கருத்து; அதில் சிக்கல் இல்லை. கணி என்ற வினைக்குத்தான் இரண்டு முகம். கணக்கிடுவதும் கணிப்புதான், வரப்போவதைச் சொல்வதும் கணிப்புதான். ஜாதகம் கணிக்கிறோம். காலத்தைக் கணித்துச் சொன்னவன் கணியன். இன்றைய பேச்சில் இரண்டாவது பொருளே மேலோங்கி நிற்கிறது. 'என் கணிப்பு என்னவென்றால்' என்று ஒருவர் தொடங்கினால் அவர் எதையும் எண்ணிப் பார்த்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே கருத்துக்கணிப்பு என்று எழுதும்போது, மக்களிடம் கேட்டு எண்ணியது என்ற பொருள் பின்னால் போய், யார் வெல்வார் என்ற ஆரூடம் முன்னால் வந்து நிற்கிறது.

இந்தக் குழப்பத்தில் சொல்லின் பங்கு பாதிதான். தொழிலின் வரலாறும் அப்படி இருக்கிறது.

1824-இல் ஹாரிஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்று, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் எடுத்த ஒரு கணக்கை வெளியிட்டது: ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335 பேர், ஜான் குவின்சி ஆடம்சுக்கு 169 பேர். அங்கே அதிபரை முடிவு செய்வது மக்கள் வாக்கின் மொத்தம் அல்ல, மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள். அந்தத் தேர்தலில் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் ஜாக்சனே முந்தினார். ஆனால் தேர்வாளர் வாக்குகளில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், பிரதிநிதிகள் சபை ஆடம்சை அதிபராக்கியது. கேட்கப்பட்டவர்களின் கருத்தைச் சரியாக எண்ணியும் அதிபர் யார் என்பதில் தவறலாம் என்பது முதல் முயற்சியிலேயே தெரிந்துவிட்டது.

1936 இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஆண்டு. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறக்குறைய 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் 57 சதவீதம் பெறுவார் என்று அச்சிட்டது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 61 சதவீத வாக்குகளோடு, அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முந்தைய தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கிய இதழ் அது, 1938-இல் நின்றுபோனது.

எங்கே தவறியது? முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டது. பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்தப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், சீட்டு கிடைத்தவர்களில் நால்வரில் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. ரூஸ்வெல்ட் மீது கோபமாக இருந்தவர்களே மெனக்கெட்டு அனுப்பினார்கள் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒன்றுபோல் வெந்திருந்தால்தான் செல்லும். மேலாக மட்டும் அள்ளினால் எத்தனை கரண்டி அள்ளியும் அடியில் இருப்பது தெரியாது.

அதே ஆண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். அவர் புகழ் அங்கே தொடங்கியது. ஆனால் அவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்தது சுமார் 56 சதவீதம், கிடைத்ததோ 61. இன்றைய அளவுகோலில் அது பெரிய பிழை. வெற்றியாளர் பெயர் சரியாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1948-இல் அவருக்கே மறுபக்கம் நடந்தது. தேர்தலுக்கு முன்பே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி வெல்வார் என்று அறிவித்தார், ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமன் வென்றார். கடைசி நாட்களில் மனம் மாறியவர்கள் அவர் கணக்கில் வரவே இல்லை.

இனி 2016. நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளின் சராசரி, ஹிலரி கிளின்டன் சுமார் 3 புள்ளி முன்னிலை என்றது. மக்கள் வாக்கில் அவர் 2.1 புள்ளி முன்னிலை பெற்றார். ஒரு புள்ளி வித்தியாசம், நல்ல அளவீடு. ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 வாக்குகளில் டொனால்ட் ட்ரம்ப் அதிபரானார். மாநில அளவிலான கணிப்புகள்தான் சறுக்கின. பட்டதாரிகள் கேள்விக்குப் பதில் சொல்ல அதிகம் முன்வருவார்கள். அதைச் சரிக்கட்ட எடையிடல் செய்ய வேண்டும். உதாரணமாக, பதில் சொன்ன 1,000 பேரில் பட்டதாரிகள் 500, வாக்காளர்களிலோ அவர்கள் 40 சதவீதம் என்றால், ஒவ்வொரு பட்டதாரியின் பதிலையும் 0.8 என்றும் மற்றவர் பதிலை 1.2 என்றும் எண்ண வேண்டும். அன்று பல மாநிலக் கணிப்புகள் கல்வியை வைத்து இப்படி எடையிடவில்லை. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்களும் ட்ரம்ப் பக்கம் சாய்ந்தார்கள்.

2020-இல் ஜோ பைடன் வெல்வார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லின, வென்றார். யாரும் பெரிதாகத் திட்டவில்லை. ஆனால் அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம் பிற்பாடு ஆராய்ந்தபோது, நாடு தழுவிய கணிப்புகளின் பிழை 40 ஆண்டுகளில் இல்லாத அளவு பெரிது என்று கண்டது. 2016-ஐ விட மோசமான அளவீடு 2020-இல் தப்பித்துக்கொண்டது. நாம் வெற்றியாளர் பெயரை மட்டும் பார்ப்பதால் வரும் கேடு இது.

பிழை வரம்பு என்ற துணைச்சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1,000 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 3 புள்ளி. ஒருவருக்கு 48, மற்றவருக்கு 46 என்றால், முதலாமவர் 45 முதல் 51 வரை எங்கும் இருக்கலாம், இரண்டாமவர் 43 முதல் 49 வரை. இருவருக்கும் உள்ள இடைவெளிக்கான வரம்பு ஏறக்குறைய 6. இந்த எண்களை வைத்து 'முந்துகிறார்' என்று தலைப்புப் போடுவது சரியில்லை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும், அதாவது 4,000 பேரை.

இந்த வரம்பு தற்செயலால் வரும் பிழைக்கு மட்டுமே பொருந்தும். யார் பதிலே சொல்வதில்லை, யார் உண்மையில் வாக்களிக்கப் போவார் என்பவற்றால் வரும் பிழை இதில் அடங்காது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் 6 சதவீதம். மீதி 94 பேர் அந்த ஆறு பேரைப் போலவே நினைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. அது ஆட்டம் கண்டால் எல்லா மாநிலத்திலும் ஒரே பக்கமாகச் சாயும். 2024-இல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய, ஊசலாடும் ஏழு மாநிலங்களிலும் கடும் போட்டி என்றார்கள். ஏழும் ட்ரம்புக்கே போயின. அயோவாவில் நல்ல பெயர் பெற்ற ஒரு கணிப்பு கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றது. ட்ரம்ப் 13 புள்ளியில் வென்றார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கருத்துக்கேட்பு நல்ல சொல், ஆனால் அரசு நடத்தும் பொதுமக்கள் கூட்டத்துக்கு அது ஏற்கெனவே வழங்கிவிட்டது. கருத்தாய்வு, சந்தை ஆய்வு முதல் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். எனக்குப் பொருத்தமாகப் படுவது கருத்தெடுப்பு. கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு என்று எண்ணிக்கைச் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அந்த வரிசையில் இது தானாக உட்கார்ந்துவிடும். கருத்தெடுப்புகளைத் திரட்டி, மாநிலம் மாநிலமாகக் கூட்டி, இவருக்கு வெற்றிவாய்ப்பு 70 சதவீதம் என்று சொல்கிறார்களே, அதற்குக் கணிப்பு என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம், தேர்தல் கணிப்பு. வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் கேட்பதை வாக்குச்சாவடி வாயில் கருத்தெடுப்பு எனலாம். நீளம்தான், ஆனாலும் இன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்லைப் போடுவதால் எது பிசகியது என்று வாசகருக்குப் புரிவதில்லை. 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் முதலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றதில் பெரும்பங்கு இந்த வாயில் கருத்தெடுப்புக்கு உண்டு. அங்கே இறுதி வித்தியாசம் 537 வாக்குகள்.