ஒரே ஆளிடம் இரண்டு பேர் வாங்கிய அடி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் பொடியன்கள் குத்துச்சண்டை பழகும் ஒரு ஹோலுக்கு மாதத்தில் இரண்டு தடவை போய்வருகிறேன். பிரஷர் பார்ப்பது, வீங்கிய விரலை அமுக்கிப் பார்ப்பது, போட்டி வந்தால் டோர்ச் லைட்டோடு ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் டொக்டருக்கு அங்கே வேலை. மழை பிடித்துவிட்டால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள், வாய்ச்சண்டை தொடங்கிவிடும். இங்கிலாந்தின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டு பேரில் டைசன் பியூரி பெரிய ஆளா, அந்தோனி ஜோஷுவா பெரிய ஆளா? எடைபோட்டுப் பார்க்க பொடியன்களிடம் இருக்கும் படிக்கல், நீண்ட காலம் உலக சாம்பியனாக இருந்த உக்ரேன்காரர் விளாடிமிர் க்ளிட்ச்கோ. இரண்டு பேருமே அவரை வென்றவர்கள், பியூரி 12 ரவுண்டும் நழுவி நழுவிப் புள்ளியில் வென்றார், ஜோஷுவா 11ஆம் ரவுண்டில் அடித்தே முடித்தார், அப்படியென்றால் ஜோஷுவாதான் என்று முக்கால்வாசிப் பேர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு பிடிபடுவதில்லை. முதலில், அந்தப் படிக்கல்லே இரண்டு தடவையும் ஒரே எடை இல்லை. 2015 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் டுசல்டோர்பில் பியூரிக்கு முன்னால் நின்றவர் 39 வயதுக்காரர், 2004க்குப் பிறகு தோல்வியே காணாதவர். 2017 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஜோஷுவா சந்தித்தவருக்கு வயது 41, நடுவில் 17 மாதம் ஒரு சண்டைகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த 41 வயதுக்காரர்தான் துணிந்து கை விட்டார், 39இல் அவருக்குக் கையே எழும்பவில்லை. எழும்பவிடாமல் பார்த்துக்கொண்டது பியூரி. (பியூரிக்கும் ஜோஷுவாவுக்கும் அந்தந்த நாளில் வயது 27தான், அதிலாவது சமம்.)

அப்புறம், பொடியன்கள் எண்ணுவது கொடுத்த அடியை, நான் எண்ணுவது வாங்கிய அடியை. 206 சென்டிமீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு பியூரி தலையை ஒரு இடத்தில் நிற்கவே விடவில்லை. அடிப்பது போல் காட்டினார், அடிக்கவில்லை. வலதுகைக்காரர் திடீரென்று இடதுகைக்காரராக மாறி நின்றார். 36 நிமிடத்தில் க்ளிட்ச்கோவால் அவர் மேல் பதிக்க முடிந்தது வெறும் 52 குத்து. சண்டை சப்பென்றுதான் இருந்தது, எனக்கே பாதியில் கண் சொருகியது, பொய் சொல்லவில்லை. 11ஆம் ரவுண்டில் பிடரியில் குத்தியதற்காக பியூரிக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள், அது சரியான தண்டனை, பிடரி அடி விளையாட்டில்லை.

வெம்ப்ளியில் 90,000 பேர் பார்க்க நடந்தது வேறு மாதிரி. ஐந்தாம் ரவுண்டில் க்ளிட்ச்கோ விழுந்தார், ஆறாம் ரவுண்டில் நேரே வந்த ஒரு வலக்கைக் குத்தில் ஜோஷுவா விழுந்தார், தொழில்முறையில் அதுதான் அவருடைய முதல் வீழ்ச்சி. எழும்பி, தாக்குப்பிடித்து, 11இல் தாடைக்குக் கீழிருந்து ஒரு குத்து விட்டு, க்ளிட்ச்கோவை இரண்டு தடவை விழுத்தி முடித்தார். அதற்குள் அவர் மேல் விழுந்தது 94 குத்து. அவர் எழும்பும் அந்தத் துண்டு வீடியோ ஹோலில் எல்லார் போனிலும் இருக்கிறது. எழும்பிய பிறகு கால் எப்படிப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை, நான் அதை மட்டும்தான் பார்க்கிறேன்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்றால், இதே கணக்கு எங்கள் ஊரிலும் நடந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சிலதை மாற்றிச் சொல்கிறேன். ஒரே தோட்டத்துப் பொடியன்கள் இரண்டு பேர், ஒரே எடைப்பிரிவு, அடுத்தடுத்த நாளில் ஒரே ஆளோடு மோதினார்கள். முதலாமவன் முதல் ரவுண்டிலேயே விலாவுக்குக் கீழே ஈரலில் ஒன்று வாங்கி, மூச்சு வராமல் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிடத்தில் சீனி போட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். மற்றவன் மூன்று ரவுண்டும் நின்றான். தலையில் எத்தனை வாங்கினானோ, விழவில்லை, புள்ளியில்தான் தோற்றான். ஹோலே கை தட்டியது. ரிங்கை விட்டு இறங்கியதும் அவனிடம் பேரும் நாளும் கேட்டேன், சரியாகச் சொன்னான், விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் உட்காரவைத்திருக்க வேண்டும்.

அரைமணி கழித்து அவனுடைய கூட்டாளி ஓடி வந்தான். “சேர், ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறான்.” போய்ப் பார்த்தால், “என் கம் ஷீல்ட் எங்க?” என்று என்னிடமும் கேட்டான். பல்லுக்குப் போடும் அந்த உறை அவன் இடது கையில் எச்சிலோடு இருந்தது. எடுத்துக் காட்டினேன், சிரித்தான், பொக்கெட்டில் போட்டான், மறுபடி கேட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு கண்காணிப்பில் வைத்தார்கள். நல்லவேளை, மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை. குறைந்தது 30 நாள் ரிங் பக்கம் வரக்கூடாது, அப்புறமும் நான் பார்த்துச் சொன்னால்தான் என்றேன். அவன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “டொக்டர் ஐயா, மொத ரவுண்டுலயே உக்காந்தவன் நேத்தே கொழுந்து மூட்ட தூக்கிட்டான். எம்மவன் கடைசி வரைக்கும் நின்னவன், இவனுக்கு எதுக்கு ஒரு மாசம் லீவு?”

நின்றதால்தான் என்று அவருக்குச் சொன்னேன். மூளை அதிர்வதற்கு ஆள் விழ வேண்டும் என்றில்லை, மயங்க வேண்டும் என்றும் இல்லை. ஹெட்காட், அதாவது தலைக்கவசம், போட்டிருந்தானே என்று கேட்பார்கள், அது புருவம் கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை ஆடுவதைப் பிடித்து நிறுத்தாது. முதல் அதிர்வு ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும், இளம் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழும்பாத தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று லயத்தில் படுக்கவைக்காதீர்கள். மேட்டுப் பாதையில் இரவு ஆட்டோ கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் போட்டியன்று வண்டியைப் பொழுதோடே சொல்லிவையுங்கள் என்கிறேன்.

தலைவலி இரண்டு வாரம் இருந்தது. ஐந்தாம் வாரம் பரிசோதனைக்கு வந்தவனிடம், மூன்றாம் ரவுண்ட் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் கூட்டாளியின் போனில் பார்த்தேன் சேர் என்றான். “நல்லாத்தானே நின்னுருக்கேன்?”